பாதிப் பாட்டில் நான் நிறுத்தியது

போன மாதம் குண்டசாலைப் பக்கமிருந்து மூன்று பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். சொந்தமாக ஒரு பேண்ட் வைத்திருக்கிறார்களாம். வந்து உட்கார்ந்ததும் போனை நீட்டினார்கள். அதில் ஒரு மேடை, மேடையில் டிரம்முக்குப் பின்னால் நான். தலையில் அப்போது முடி இருந்தது.

"அங்கிள், இந்த இடத்தப் பாருங்க. பாட்டுக்கு நடுவுல நீங்க குச்சியக் கீழ வைக்கிறீங்க. பாட்டே அப்படித்தானா, இல்ல டிரம்முல ஏதும் கோளாறா?"

"பெடல் கழண்டிருக்கும்னு நான் சொல்றேன், இவன் நம்ப மாட்டேங்கிறான்," என்றான் இன்னொருவன்.

"பெடல் கழலல தம்பி. அதச் சொன்னா டீ ஆறிப்போயிரும்."

"சுருக்கமா சொல்லுங்க அங்கிள்."

சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சுருக்கிச் சொல்வது அதற்கு மேல் வகுப்பில் சொல்லித் தருவார்கள் போலிருக்கிறது. அன்றைக்குப் பாதிதான் சொன்னேன், அவர்களுக்கு பஸ் வந்துவிட்டது. மீதியையும் சேர்த்து இப்போது சொல்கிறேன், மகள் எழுதுகிறாள்.

கலஹாவில் ஒரு தோட்டத்தில் பிறந்தேன். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் சலிக்கிற அறையில் வேலை செய்தார். தேயிலைத் தூசி அவருடைய நெஞ்சில் இறங்கி, வேலை முடிந்து வந்ததும் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு தோள் இரண்டையும் தூக்கியபடி நிற்பார். பேசமாட்டார். மூச்சு இறங்கிய பிறகுதான் உள்ளே வருவார். நாங்களும் அதுவரை ஒன்றும் கேட்கமாட்டோம்.

பதினான்கு வயதில் கட்டுகஸ்தோட்டையில் ஒரு கராஜில் டிங்கரிங் வேலைக்குச் சேர்ந்தேன். நசுங்கிய வாகனத் தகட்டைத் தட்டி நிமிர்த்துகிற வேலை. பின்னால் ஓர் இரும்புக் கட்டியை ஒரு கை பிடிக்கும், முன்னால் மறு கை சுத்தியலால் தட்டும். பலமாக அடித்தால் தகடு நீண்டுவிடும். சின்னச் சின்னதாக, ஒரே அளவில், நூற்றுக்கணக்கில் தட்ட வேண்டும். எங்கே இன்னும் இறுக்கம் இருக்கிறது என்பதைக் கண்ணைவிடக் காதுதான் முதலில் சொல்லும். டிரம்முக்கு வந்தது தற்செயல். ஒரு கல்யாண பேண்டின் வேன் கதவு நசுங்கி வந்தது. உள்ளே டிரம் செட் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து தட்டிப் பார்த்தேன். வேனோடு என்னையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று கராஜில் சிரிப்பார்கள். பகலில் தகடு, சனி ஞாயிறில் கல்யாணம். அப்படியே இருபது வருசம் போனது.

நிஸாம் வந்தது அதற்குப் பிறகு. மடவளையில் அவனுடைய வாப்பாவுக்கு மெத்தைக் கடை. கடை வேனின் பக்கவாட்டைச் சுவரில் உரசிக்கொண்டு வந்திருந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். பொதுவாக வாகனம் கொண்டுவருகிறவர்கள் தகட்டைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இவன் வேறு பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

"அண்ணன், இப்பிடி ஒரே மாதிரி எவ்வளவு நேரம் தட்டுவீங்க?"

"தகடு நிமிர்ற வரைக்கும்."

"அலுக்காதா?"

"அலுத்தா தகடு நிமிராது தம்பி."

"எனக்கு ஒரு டிரம்மர் தேவப்படுது. அலுக்காத ஒராள்."

ஹிப்ஹொப் என்ற சொல்லையே அப்போதுதான் கேட்டேன். பாடாமல் பேசுவார்களாம், ஆனால் பேச்சு தாளத்துக்குள் போய்ப் பிசகாமல் உட்கார வேண்டுமாம். மற்றவர்கள் தாளத்தைக் கம்பியூட்டரில் செய்து, அதை ஓடவிட்டு மேலே பேசுகிறார்கள். இவன் எல்லாவற்றையும் கையால் வாசிக்க வேண்டும் என்றான். எனக்கு அது விளங்கவில்லை. இயந்திரம் பிழையில்லாமல் செய்கிறதை வேர்வை வழிய ஓர் ஆள் எதற்குச் செய்ய வேண்டும்? கேட்டேன்.

"கம்பியூட்டருக்கு முன்னால பேசிட்டு ஈக்கிற ஆளத் தெரியாது அண்ணன்," என்றான்.

அந்தப் பதில் அன்றைக்கு எனக்குப் பாதிதான் விளங்கியது. மீதியைப் பார்க்கலாம் என்றுதான் போனேன்.

நாங்கள் நான்கு பேர். நிஸாம் கீபோர்ட், அவன்தான் தலைவன். பாஸ் கிற்றார் வாசித்தவன் சமிந்த, கட்டுகஸ்தோட்டை சிங்களப் பையன், எங்களோடு பழகித் தமிழ் பேசுவான். பேசுகிறவன் அகிலன். அவனுடைய அப்பா யாழ்ப்பாணத்து ஆள், அரசாங்க உத்தியோகம், மாற்றலாகிக் கண்டிக்கு வந்த குடும்பம். அகிலன் ஒரு வங்கியில் வேலை செய்தான். என்னைவிட எல்லோரும் பதினைந்து வருசம் இளையவர்கள். ஆனால் அங்கே பாடம் கற்றுக்கொண்டவன் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் மெத்தைக் கடைக்கு மேல் மாடியில் பயிற்சி. சுவர் முழுக்க மெத்தை அடுக்கியிருக்கும், சத்தம் வெளியே போகாது. முதல் நாள் என் டிரம் செட்டை விரித்து வைத்தேன். நிஸாம் சுற்றி வந்து பார்த்தான். ஒரு டிரம்மைத் தூக்கி மூலையில் வைத்தான். அடுத்த வாரம் இன்னொன்று. பிறகு பெரிய பித்தளைத் தட்டு. ஒரு மாதத்தில் மிஞ்சியது மூன்றே மூன்று: காலால் அடிக்கிற கிக், முன்னால் இருக்கிற ஸ்நேர், பக்கத்தில் ஜோடித் தட்டு. ஸ்நேரின் மேலும் மெத்தை உறைத் துணியை ஒரு சாண் வெட்டிப் போட்டான்.

"இதயும் எடுத்துட்டா நான் தொடையில தட்டிக்கிட்டு இருக்கலாமே தம்பி," என்றேன்.

"பாப்போம்," என்றான், சிரிக்காமல்.

அவன் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு மெத்தை அடுக்கின்மேல் சப்பணம் போட்டு உட்காருவான். என்ன பிழை என்று சொல்லமாட்டான். "இன்னொருக்கா" என்பான், அவ்வளவுதான். பிழையை நான்தான் தேட வேண்டும். கண் எட்டுகிற தூரத்துக்கு ஒரே தாளம், எட்டு நிமிசம், பத்து நிமிசம். ஒரு விசயம் அப்போதுதான் கண்டுபிடித்தேன். நான்கு நிமிசம் ஒரே மாதிரி அடித்தால், கை மாறாமலே சத்தம் மாறும். முதலில் ஸ்நேர் முன்னால் கேட்கும். பிறகு கிக் முன்னால் வரும். அப்புறம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஒன்றுமில்லாத இடம் பெரிதாகும். ஏன் அப்படி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நிஸாமைக் கேட்டேன், அவனுக்கும் தெரியாது. ஆனால் அகிலன் அந்த ஒன்றுமில்லாத இடத்தில்தான் வந்து உட்காருவான்.

மெத்தைக் கடைக்கு இரண்டு கடை தள்ளிப் பள்ளிவாசல். பாங்கு சொல்லத் தொடங்கினால் நிஸாம் கையைத் தூக்குவான். யார் எங்கே இருந்தாலும் அங்கேயே நிறுத்த வேண்டும். அகிலன் ஒரு சொல்லைப் பாதி சொல்லியிருந்தால் மீதி வாய்க்குள்ளேயே நிற்கும். பாங்கு முடியும்வரை யாரும் பேசமாட்டோம். முதலில் முடிந்ததும் பாட்டை ஆரம்பத்திலிருந்து பிடித்தோம். நிஸாம் தலையாட்டினான்.

"பாட்டு அங்கயே நிக்கிது. நாங்கதான் போய் ஏறணும்."

அதனால் பாங்கு முடிந்ததும் அவன் தலையை நான்கு தரம் அசைப்பான், ஐந்தாவதில் நாங்கள் விட்ட அதே இடத்தில், விட்ட அதே சொல்லில் ஏறுவோம். எவ்வளவோ ஞாயிறுகள் அப்படி இறங்கி ஏறியிருக்கிறோம். சமிந்த மட்டும் சில நேரம் மெதுவாகக் கேட்பான், "அகிலன், மிச்சப் பாதி என்ன மச்சான்? மறந்து போச்சா?"

அகிலனின் பெரிய பாட்டு விலாசங்களைப் பற்றியது. சண்டைக் காலத்திலும் அப்பாவின் மாற்றல்களிலும் அவர்கள் இருந்த வீடுகளின் விலாசங்களை ஒவ்வொன்றாகச் சொல்வான். ஒவ்வொரு விலாசத்துக்கும் அந்த வீட்டுக் கதை. மூச்சு விட இடமில்லாத வரிகள்.

முதல் நிகழ்ச்சி கண்டியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். ஏழாவது விலாசத்தைச் சொன்ன பிறகு அகிலன் பேசாமல் நின்றான். பயிற்சியில் ஒருநாளும் அப்படி நின்றதில்லை. மறந்துவிட்டான் என்று நினைத்தேன். கல்யாண வீட்டில் பாடகர் வரியை மறந்தால் டிரம்மர் ஓர் உருட்டு உருட்டி மூடிவிடுவான். நானும் உருட்டினேன். சனம் கைதட்டியது. அகிலன் திரும்பிப் பார்க்கவில்லை. முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்தான்.

"அண்ணை, அது மறதி இல்லை. அந்த வீடு இருந்த இடத்தில இப்ப ஒண்டும் இல்லை. அதுதான் நான் ஒண்டும் சொல்லாமல் விட்டனான். நீங்கள் அதுக்குள்ள கலியாண வீடு வச்சிட்டீங்கள்."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நிஸாம் அன்றைக்கு ஒரு சட்டம் போட்டான். அகிலன் பேசத் தொடங்கும்போது தன்னுடைய இடது கையைத் தூக்குவான். அந்தக் கை மேலே இருக்கும்வரை, அவன் பேசினாலும் பேசாவிட்டாலும், தாளம் அப்படியே போக வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. கை இறங்கினால்தான் நிறுத்தலாம்.

பிறகு பல இடங்களுக்குப் போனோம். பேராதனைப் பல்கலைக்கழகப் பிள்ளைகளின் விழா, தேவாலயக் கார்னிவல், சத்தத்தைக் குறை குறை என்று கெஞ்சிய ஹோட்டல்கள். கலஹாவில் எங்கள் தோட்ட மைதானத்திலும் வாசித்தோம். மூன்று பாட்டு முடிந்ததும் முன்னால் இருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்து, "ஏன்டா வேலு, பேசி முடிஞ்சிருச்சா? எப்ப பாட ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார்.

அந்த வருசங்களில் நான் அகிலனின் முதுகைத்தான் அதிகம் பார்த்தேன். டிரம்மருக்குப் பேசுகிறவனின் முதுகுதான் தெரியும். தோள் ஏறினால் மூச்சு எடுக்கிறான், இறங்கினால் அடுத்த வரி. சில நாட்களில் தோள் ஏறுவது கொஞ்சம் கஷ்டமாகத் தெரியும். கேட்டால் "தடிமன் அண்ணை" என்பான். வருசம் முழுக்கவா ஒருவனுக்குச் சளி பிடித்திருக்கும்? ஒருநாள் அவனுடைய பையிலிருந்து இழுப்புக்காரர்கள் உறிஞ்சுகிற பம்ப் விழுந்தது. சட்டென்று எடுத்து உள்ளே போட்டான். நான் பார்த்ததை அவனும் பார்த்தான்.

பிள்ளைகள் போனில் காட்டியது அதற்கு அடுத்த வருசம். கண்டிக்கு வெளியே ஒரு மைதானத்தில் விழா. கொழும்பிலிருந்து சிலர் வந்து, ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்து இந்தியாவில் வாசிக்கக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. ஒவ்வொரு குழுவுக்கும் இருபது நிமிசம். அகிலன் வாரக்கணக்காக அதையே பேசிக்கொண்டிருந்தான். வீட்டில் அவனுடைய அப்பா இந்த வேலையை மதித்ததில்லை. தேர்வானால் அவரிடம் காட்ட ஒன்று இருக்கும்.

பிற்பகல் மூன்றரை மணி. காலையில் பெய்த மழையில் மைதானம் ஈரம். மேடையில் புகை இயந்திரம் வைத்திருந்தார்கள், எங்கள் முறையிலும் அதை விட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியாக விலாசப் பாட்டு. நான்கு விலாசம் நன்றாகப் போனது. ஐந்தாவதில் வீட்டு நம்பரைச் சொன்னான், தெருவின் பெயரைத் தொடங்கினான், நின்றுவிட்டான்.

கை மேலே இருந்தது. அதனால் நான் அடித்துக்கொண்டே இருந்தேன். புதிதாக இங்கேயும் ஓர் இடைவெளி விடுகிறானோ என்று நினைத்தேன். ஒருமுறை அவமானப்பட்டவன் அல்லவா? ஒரு சுற்று போனது. பிறகு தோளைப் பார்த்தேன். ஏறியிருந்தது. இறங்கவில்லை. அப்பா நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற தோள்.

அடுத்த சுற்றின் முதல் அடி வந்தது. அகிலனின் தலை முன்னால் போனது, தாளத்துக்குள் வரப் பார்த்தான், சத்தம் வரவில்லை. அதற்கடுத்த சுற்றிலும் அதேதான். தலை போகிறது, சத்தம் வரவில்லை, தோள் இன்னும் கொஞ்சம் ஏறுகிறது. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அவனைக் கூப்பிடுவது நான்தான். நான் அடிக்கிற ஒவ்வொரு முதல் அடியும் 'வா, வா' என்கிறது. தாளம் போய்க்கொண்டிருக்கும்வரை அவனால் வராமல் இருக்க முடியாது. அத்தனை வருசம் அப்படித்தான் பழகியிருக்கிறான். கீழே கொழும்புக்காரர்கள் காகிதத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். நிஸாமைப் பார்த்தேன். அவன் கண் என்னிடம், தொடருங்கள் என்றது. கை மேலே, சட்டம் சட்டம்தான்.

இரண்டு குச்சிகளையும் ஸ்நேரின் மேல் வைத்தேன்.

சமிந்த இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நின்றான். நிஸாமின் விரல் மட்டும் கீபோர்டின் ஒரு கட்டையிலேயே இருந்தது, அந்த ஒற்றைச் சத்தம் மைதானம் முழுக்க நீண்டது. என்னைப் பார்த்தான். பிறகு அகிலனைப் பார்த்தான். அப்புறம் விரலை எடுத்து, மடவளை மாடியில் தூக்குகிற மாதிரியே கையைத் தூக்கினான்.

அதைப் பார்த்ததும் அகிலனின் கை இறங்கியது. திரும்பி ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் போய்க் குந்தினான். பம்ப் சத்தம் எனக்குக் கேட்டது. ஒன்று. கொஞ்சம் கழித்து இன்னொன்று. சனத்தில் சிலர் விசிலடித்தார்கள். "கரண்ட் போச்சா?" என்று ஒருவர் கத்தினார். அறிவிப்பாளர் ஓடி வந்து, "என்ன பிரச்சின? நேரம் போகுதே!" என்றார். நிஸாம் தூக்கிய கையை இறக்கவில்லை. என்ன கண்டாரோ, அந்த மனிதர் படியிலேயே நின்றுவிட்டார். புகையையும் யாரோ நிறுத்தினார்கள். மெல்ல மெல்ல மைதானமே அடங்கியது. ஒரு பாங்கு அளவுக்கு நேரம் போயிருக்கும்.

அகிலன் எழும்பி வந்தான். முகம் வெளுத்திருந்தது. நிஸாம் தலையை நான்கு தரம் அசைத்தான். ஐந்தாவதில் மூன்று பேரும் ஒன்றாக ஏறினோம். அகிலன் தெருவின் பெயரை விட்ட எழுத்திலிருந்து சொன்னான். அப்படி அவன் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஆனால் ஆறாவது விலாசத்திலேயே இருபது நிமிசம் முடிந்து ஒலியை வெட்டிவிட்டார்கள். வேறொரு குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள்.

வேன் மைதானத்தை விட்டு வெளியே வந்ததுமே தொடங்கியது.

"ஆர் உங்களை நிப்பாட்டச் சொன்னது? என்ர கை மேலதான் இருந்தது," என்றான் அகிலன்.

"கை இருந்துச்சு தம்பி. மூச்சு இல்லையே."

"நான் வந்திருப்பன். அடுத்த சுற்றில வந்திருப்பன்."

"வராட்டி?"

"அது என்ர மூச்சு அண்ணை. உங்கட இல்லை."

"அய்யோ, விடுங்க மச்சான்," என்றான் சமிந்த.

நிஸாம் வேனை ஓட்டிக்கொண்டிருந்தான். கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தான். "ரெண்டு பேரு செல்றதும் சரியாத்தான் ஈக்கு. எனக்கு வெளங்கல்ல." எல்லாவற்றையும் தெரிந்தவன் போல் உட்கார்ந்திருப்பவன் அப்படிச் சொன்னது அன்றைக்குத்தான்.

நான்கு ஞாயிறு அகிலன் வரவில்லை. நாங்கள் மூன்று பேரும் பேச்சில்லாத தாளத்தை வாசித்தோம், தட்டில் சோறில்லாமல் கறி மட்டும் போட்ட மாதிரி. ஐந்தாவது ஞாயிறு வந்தான். மெத்தை ஒன்றில் உட்கார்ந்து சொன்னான்: வீடியோவைப் பார்த்து அம்மாவுக்கு விசயம் தெரிந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாராம்.

"டொக்டர் கேட்டவர், ஆர் நிப்பாட்டினது எண்டு."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"டிரம்மர் எண்டன். அவர் நிமிர்ந்தும் பாக்கேல்லை. எழுதிக்கொண்டிருந்தார்." என் பக்கம் திரும்பி, "இனிமேல் நிப்பாட்டுறதெண்டால் நான் நிப்பாட்டுவன். நீங்கள் இல்லை," என்றான்.

சரி என்றேன். ஆனால் அவன் அதன் பிறகும் ஒருநாளும் நிறுத்தவில்லை. மூச்சு முட்டும் நாட்களில் வரியை விழுங்கிவிட்டு ஓடுவான். சனத்துக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சொன்ன சொல்லுக்காக நான் அடித்துக்கொண்டே இருப்பேன். அது அந்த மைதானத்தில் நிறுத்தியதைவிடக் கஷ்டமாக இருந்தது. அன்றைக்கு நிறுத்தாமல் இருந்தால் அடுத்த சுற்றில் வந்திருப்பானா என்று எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். பாதி நாட்கள் வந்திருப்பான் என்று தோன்றும். அந்தப் பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

வலது மணிக்கட்டு போனதும் சுத்தியலையும் குச்சியையும் ஒரே வருசத்தில் விட்டேன். விடுவதற்கு முன் நிஸாம் ஒருநாள் கூப்பிட்டு, ஸ்நேரில் ஒவ்வோர் அடியாக அடிக்கச் சொன்னான், மெதுவாக, பலமாக, ஓரத்தில், நடுவில். எல்லாவற்றையும் பதிவு செய்தான். அதைத் தானாகவே தாளம் அடிக்கிற ஒரு மின்சாரப் பெட்டியில் போட்டு, எனக்குப் பதிலாக அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டார்கள். கோபம் வரவில்லை, ஆசையாகத்தான் இருந்தது பார்க்க. என் கை இல்லாமல் என் அடி எப்படி இருக்கும்?

போன வருசம் கண்டி வாவிக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் பிற்பகல் நிகழ்ச்சி. மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தேன். பெட்டி அருமையாக அடித்தது. நான் அடிப்பதைவிடச் சுத்தம். ஆனால் ஒரு தரமாவது அகிலனைப் பார்க்கவில்லை, அதற்குக் கண் ஏது? முதல் தடவையாக நான் அவனை முன்னாலிருந்து பார்த்தேன். தாடியில் நரை விழுந்திருந்தது. அவனுடைய வலது காலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெடல். அது எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

விலாசப் பாட்டு தொடங்கியது. ஆறாவது விலாசத்தில் தோள் ஏறியது. என் கை மடியில் தானாக மூடிக்கொண்டது. அகிலன் காலை அந்தப் பெடலில் வைத்து அழுத்தினான். பெட்டி நின்றது, நிஸாமும் சமிந்தவும் கையை எடுத்தார்கள்.

பக்கத்தில் இருந்த பெண், "ஏன் நிப்பாட்டிட்டாங்க?" என்றார்.

"மூச்சு எடுக்கிறாரு," என்றேன்.

அகிலன் ஸ்பீக்கருக்குப் பின்னால் போகவில்லை. சனத்தைப் பார்த்தபடியே சட்டைப் பையிலிருந்து பம்பை எடுத்து உறிஞ்சினான். மைக்கை விலக்காமல் மூச்சு விட்டான், அது மண்டபம் முழுக்கக் கேட்டது. பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். பொறுங்கள் என்று ஒரு விரலைக் காட்டிவிட்டு இரண்டாவது மூச்சை எடுத்தான். தோள் நன்றாக இறங்கிவிட்டது. மூன்றாவது மூச்சு அவனுக்குத் தேவைப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. அதையும் ஆற அமர எடுத்தான். பிறகுதான் மறுபடியும் பெடலில் காலை வைத்தான்.